லோன் என் பெயரில், பணம் யார் கையில்?

வாசகர் கேள்வி:

அன்புள்ள அக்கா, தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34. ஆறு வருஷமாக மகளிர் குழுவில் இருக்கிறேன். மொத்தம் 14 பேர், மாசம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு. பேங்கில் முதலில் ஒன்றரை லட்சம் கொடுத்தார்கள், அப்புறம் 3 லட்சம். அந்த 3 லட்சத்தில் குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகள் இரண்டு பேரும் ஆளுக்கு 60,000 எடுத்துக்கொண்டு, மிச்சத்தை 11 பேருக்குப் பிரித்தார்கள். எனக்கு வந்தது 10,900. கறவை மாடு வாங்க 60,000 கேட்டேன், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டோம். இப்போது அடுத்த லோன் கேட்டால், குழுவில் ஒருத்தியின் வீட்டுக்காரர் டிராக்டர் கடன் கட்டவில்லை, அதனால் உங்களுக்குக் கிடையாது என்கிறார் மேனேஜர். குழுக் கணக்கில் இருக்கும் சேமிப்பையும் எடுக்க விடவில்லை. நான் தனியாகப் போய்க் கேட்டதற்கு, வீட்டுக்காரரைக் கூட்டி வா, பட்டா கொண்டு வா என்றார்கள். நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது.

என் பெயரில் வெளிக் கம்பெனி லோன் இரண்டு ஓடுகிறது. 50,000 எடுத்து வீட்டுக்காரர் போர் போட்டார், தண்ணீர் வரவில்லை. இன்னொரு 40,000, பக்கத்து வீட்டு அக்கா "உன் பேர்ல எடுத்துக் குடு, நான் கட்டறேன்" என்று சொல்லி வாங்கியது. மாசத் தவணை 2,640, 2,120. இரண்டு மாசமாக அந்த அக்கா கட்டவில்லை, நான்தான் கட்டுகிறேன். ஒரு நாள் தள்ளினால் ராத்திரி ஏழு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். இப்போது வேறொரு கம்பெனி, ஆதார் மட்டும் கொடு, மூன்றே நாளில் 60,000 என்கிறது. அதை எடுத்து மாடு வாங்கட்டுமா? குழுவை விட்டு விலகிவிடட்டுமா? வீட்டு வருமானம் எல்லாம் சேர்த்து மாசம் 15,000 வரும். "லோன்தான் உன் பேர்ல, காசு என்னுது" என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்:

தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், நீங்கள் அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புது கம்பெனியின் 60,000-ஐ எடுக்காதீர்கள். குழுவை விட்டும் விலகாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பேப்பர் பேனா எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். 60,000 ரூபாய்க்கு ஒரு கலப்பினக் கறவை மாடு, சராசரியாக ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். பால் சொசைட்டியில் கொழுப்பும் சத்தும் பார்த்துத்தான் விலை, லிட்டருக்கு 35 ரூபாய் என்று போட்டால் நாளைக்கு 280. அடர்தீவனம் 5 கிலோ, கிலோ 28 என்றால் 140 போச்சு. வைக்கோல், தாது உப்பு என்று இன்னொரு 40. கையில் நிற்பது நாளைக்கு 100, மாசம் 3,000. இதில் உங்கள் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை, காலையில் சாணி அள்ளுவதில் ஆரம்பித்து ராத்திரி தீனி வைப்பது வரைக்கும் எல்லாம் இலவசம்தான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

இப்போது கடன் பக்கம் வருவோம். வெளிக் கம்பெனி இப்போது உங்களிடம் வாங்கும் தவணைகளை வைத்துப் பார்த்தால், இரண்டு வருஷத்தில் முடிகிற லோனுக்கு வருஷத்துக்கு 24 சதவீத வட்டி வருகிறது, அதாவது ஊர்க் கணக்கில் நூத்துக்கு ரெண்டு வட்டி. அதே மாதிரி 60,000 எடுத்தால் மாசத் தவணை ஏறக்குறைய 3,170. மாடு கொடுப்பது 3,000. முதல் மாசத்திலிருந்தே 170 ரூபாய் கையை விட்டுப் போட வேண்டும், மாடு நன்றாகக் கறக்கும்போதே இந்த நிலைமை. கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மாசம் பால் வற்றிவிடும், அப்போது வருமானம் கிடையாது, சினை மாட்டுக்குத் தீனி குறைக்கவும் முடியாது, கம்பெனித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். அந்த இரண்டு மாசத்தில்தான் எத்தனையோ பேர் மாட்டை விற்றிருக்கிறார்கள். மாட்டை விற்ற பிறகும் லோன் ஓடிக்கொண்டிருக்கும்.

அதே 60,000 குழுவிலிருந்து நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில், மூன்று வருஷத் தவணையில் கிடைத்தால் மாசம் 2,000 கட்டினால் போதும். அதே மாடு, அதே பால், ஆனால் மாசம் 1,000 மிச்சம், அதை வற்றுக் காலத்துக்கென்று ஒதுக்கி வைக்க முடியும். நல்ல மாடா கெட்ட மாடா என்பதைவிட, எந்தக் கடனில் வாங்கிய மாடு என்பதுதான் முக்கால்வாசி விஷயத்தைத் தீர்மானிக்கிறது. எனக்குத் தெரிந்து மாட்டுக் கடன் கேட்டு வருகிற பெண்களிடம் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதே இல்லை, எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. இந்த மாதிரிச் சின்னத் தொகைக் கடன், அதாவது நுண்கடன், கொடுக்கும் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசம் கட்டும் தவணை, அந்தக் குடும்பத்தின் மாச வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டுக்கு 15,000, அதில் பாதி 7,500. ஏற்கெனவே 4,760 கட்டுகிறீர்கள். இந்த 3,170 சேர்ந்தால் 7,930. ஆக அந்தக் கம்பெனி விதியை மீறாமல் உங்களுக்கு இந்த லோனைக் கொடுக்கவே முடியாது. கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுத வேண்டும். "வீட்டு வருமானம் 20,000-ன்னு போட்டுக்கலாம்க்கா" என்று ஒரு தம்பி சொல்வார். அப்படி எழுதுவது உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை. உங்களைக் காப்பாற்ற வைத்த வேலியை உங்கள் கையெழுத்தாலேயே பிடுங்குகிற வேலை அது.

கம்பெனிக்காரர்கள் வட்டி சொல்லும்போது "12 பர்சென்ட்தான்" என்பார்கள், கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். அது நேர் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். 50,000-க்கு 12 சதவீதம் நேர் வட்டி என்றால், நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாசம் வரை முழு 50,000-க்கும் வட்டி போட்டு, இரண்டு வருஷத்துக்கு 12,000 வாங்குவார்கள். உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேலே போய்விடுகிறது. எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை கொடுக்க வேண்டும், இரண்டும் விதி. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது, அதுவும் விதிதான்.

சரி, இருக்கிற இரண்டு லோனுக்கு வருவோம். பக்கத்து வீட்டு அக்காவின் 40,000 விஷயத்தில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சட்டப்படி அது உங்கள் கடன். கம்பெனி அவரைக் கேட்காது, உங்களைத்தான் கேட்கும். அதனால் சண்டை போடாமல், இந்த வாரமே அவரிடம் ஒரு எழுத்து வாங்குங்கள்: இந்தத் தேதியில் இந்த லோன் பணம் 40,000-ஐ நான் வாங்கிக்கொண்டேன், மாசம் 2,120 நான் தருகிறேன், இத்தனை தவணை பாக்கி இருக்கிறது என்று. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, ஒருவர் குழுப் பெண்ணாக இருந்தால் நல்லது. இனிமேல் அவர் தரும் பணம் உங்கள் பேங்க் கணக்குக்கு வரட்டும், கையில் வாங்க வேண்டாம். கணக்கில் வந்தால் யார் கொடுத்தது என்பதற்கு ஆதாரம் நிற்கும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே மூன்று நான்கு கம்பெனி லோன் இருந்து, இனி அவர் பெயரில் கொடுக்க மாட்டார்கள் என்பதால்தான் உங்கள் பெயரைக் கேட்டிருப்பார், பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் மறுபடி கேட்டால் கொடுக்காதீர்கள் என்கிறேன், கேட்பவர் கூடப்பிறந்தவராக இருந்தாலும்.

ராத்திரி ஏழு மணிக்கு வந்து உட்காருவது சுத்தமாகத் தப்பு. நுண்கடன் வசூலுக்கு நேரம் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைதான். வசூல் நடக்க வேண்டியது இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஓர் இடத்தில், அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டுவது, கெட்ட வார்த்தை, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது எதற்கும் அனுமதி இல்லை. அடுத்த முறை வரும்போது "ஆறு மணிக்கு மேல வரக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, நாளைக்குக் காலையில் சென்டர்ல வந்து பேசறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். வந்த தேதி, நேரம், ஆளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடன் அட்டையில் புகார் எண் இருக்கும், முதல் புகார் அங்கே, எழுத்தில். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் காசு கிடையாது. எப்படிப் புகார் கொடுப்பது என்று 14448 எண்ணில் கேட்டால் சொல்வார்கள். இதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் நடந்துகொள்ளும் விதம் தப்பு என்பது வேறு, கடன் பாக்கி என்பது வேறு. தள்ளுபடி வரப்போகிறது, கட்டாதே என்று தேர்தல் சமயங்களில் ஊரில் பேச்சு வரும். 2021-ல் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு சங்கங்கள், கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கியிருந்த கடனைத்தான், கம்பெனிக் கடனை இல்லை.

ஆதார் நகலை நிறையப் பேரிடம் கொடுத்திருப்பீர்கள். உங்கள் பெயரில் உண்மையில் எத்தனை கடன் ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு இருக்கின்றன, சிபில் அதில் ஒன்று, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். போன் நன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை.

இனி குழு. நீங்கள் எழுதிய கணக்கிலேயே ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மாசம் 200, ஆறு வருஷம், நீங்கள் போட்ட சேமிப்பு 14,400. அந்த 3 லட்சத்தில் உங்களுக்கு வந்த கடன் 10,900. உங்களுக்குக் கிடைத்த கடனைவிட நீங்கள் குழுவில் போட்ட காசு அதிகம். மற்றவர்கள் வாங்கிய 60,000-க்கு உங்கள் சேமிப்பும் உங்கள் கையெழுத்தும் துணை நின்றிருக்கிறது. இப்போது கோபத்தில் விலகினால் பங்கைக் கொடுங்கள் என்று அலைய வேண்டியதுதான், ஆறு வருஷம் கட்டியெழுப்பிய கடன் தகுதியும் போய்விடும். 14 பேர் சேமிப்பு மட்டுமே 2,01,600 ஆகிறது, அதற்கு மேல், குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனின் வட்டி, அரசின் சுழல்நிதி வந்திருந்தால் அதுவும் சேரும். இது சின்னத் தொகை இல்லை.

வங்கிகள் குழுக்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஒரு படி வரிசை இருக்கிறது. முதல் கடன் குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது குறைந்தது ஒன்றரை லட்சம், இரண்டாவது எட்டு மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம், மூன்றாவது, குழு போடும் கடன் திட்டத்தைப் பார்த்துக் குறைந்தது 6 லட்சம். நீங்கள் இரண்டையும் முடித்துவிட்டீர்கள், அடுத்தது 6 லட்சம். உங்களுக்கு மட்டும் அல்ல, குழுவில் வேறு யாருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வட்டியும் குறைவு, 3 லட்சம் வரை வருஷத்துக்கு 7 சதவீதம், 3 முதல் 5 லட்சம் வரை 10-ஐத் தாண்டாது. பேங்கில் 7-க்கு வாங்கி உறுப்பினருக்கு 12-க்குக் கொடுத்தாலும், அந்த வித்தியாசம் கம்பெனிக்குப் போகாமல் குழு நிதியில் சேருகிறது, அதில் பதினாலில் ஒரு பங்கு உங்களுடையது.

மேனேஜர் சொன்ன மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ தனிக் கடன் கட்டாமல் இருப்பது, குழு தன் கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கும்போது, குழுவுக்குக் கடன் கொடுக்கத் தடையாக இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. வங்கிக்கு வாராக்கடன் வைத்திருக்கும் உறுப்பினருக்கு அந்தப் பணத்தில் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்தது, 10 லட்சம் வரையிலான குழுக்கடனுக்கு எந்த ஈடும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. உங்களுக்கு இப்போது கடனே இல்லை, அப்புறம் எதற்குப் பிடித்து வைக்கிறார்கள்? மூன்றாவது, குழுக்கடனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து, பட்டா எதுவும் தேவையில்லை. பட்டா கேட்டால் நம் பெண்கள் எங்கே போவார்கள்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பொறுப்பில் பதிவானவை நூற்றுக்குப் பதினாலு. வேலை செய்வது யார் என்பது வயலில் போய் நின்று பார்த்தால் தெரியும். நிலம் இல்லாதவர்களுக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்றுதான் குழு என்ற ஏற்பாடே வந்தது. உங்கள் தருமபுரியில்தான் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்தத் திட்டம் தொடங்கியது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு நாடு முழுவதற்குமாக 500 குழுக்களை வைத்துச் சோதனை ஆரம்பித்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1992-ல். இந்த ஏற்பாடு பிறந்த மண்ணிலேயே குழுப் பெண்ணிடம் பட்டா கேட்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, நானும் பேங்கின் கிராமக் கிளைகளில் வேலை பார்த்தவள் என்பதால் கூடுதலாக.

ஆனால் நீங்கள் தனியாகப் போய் இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னால் வேலைக்கு ஆகாது. குழுவில் தீர்மானம் போட்டு, 6 லட்சம் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப் பிரச்சினை தானாகவே சரியாகிவிடும், வாயால் சொல்லும் காரணங்கள் பலதும் பேப்பரில் எழுதக் கூடியவை இல்லை. அதற்கும் அசையாவிட்டால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வட்டாரத்தில் இருக்கும் மகளிர் திட்ட ஒருங்கிணைப்பாளர், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் என்று போகலாம். போகும்போது ஐந்தாறு பேராகப் போங்கள்.

அதற்கு முன்னால் குழுவுக்கு உள்ளே ஒரு வேலை இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இப்போது இருக்கிற மாதிரியே இருந்தால் 6 லட்சம் வந்தாலும் மூன்று பேர் ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எடுப்பார்கள், உங்களுக்கு 25,000 வரும். நீங்கள் ஆறு வருஷமாகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள், சேமிப்பு போட்டிருக்கிறீர்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். எந்தத் தீர்மானத்துக்கு என்று தெரிந்து போட்டீர்களா? குழுக்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போகிற இடங்களில் தீர்மான நோட்டை வாங்கிப் பார்ப்பேன். மூன்று மாசத்துக் கூட்டம் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதின மாதிரி இருக்கும், வாசகம்கூட மாறியிருக்காது, "வரவு செலவு வாசிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று. கீழே 14 கையெழுத்து. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வெறும் பக்கத்தின் அடியில் 14 கையெழுத்து தயாராக இருக்கும், மேலே என்ன எழுத வேண்டுமோ பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. அந்தப் பக்கத்தில் மூன்று பேருக்குத் தலா 60,000 என்று எழுதினால் நீங்களும்தான் ஒப்புக்கொண்டதாக ஆகும். அதனால் உங்களிடம் நான் கேட்கும் முதல் காரியம், இனி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "எழுதி முடிச்சுட்டு வாங்கக்கா, போடறேன்" என்று சொன்னால் போதும், விரோதம் இல்லாமலே நடக்கும்.

அடுத்த கூட்டத்தில், குழுவின் கணக்குப் பேரேட்டை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என் சேமிப்பு எவ்வளவு, மொத்த நிதி எவ்வளவு, உள்கடன் யார் யார் கையில் எவ்வளவு, பேங்கில் இருப்பு எவ்வளவு. இந்த நாலு எண் போதும். தனியாகக் கேட்டால் "என்னை நம்பலையா" என்று பேச்சு வேறு பக்கம் போகும், 10,900 வாங்கிய மற்றப் பத்துப் பேரில் மூன்று நாலு பேரிடம் முதலில் பேசிவிட்டுப் போங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாசத்துக்கு எடுத்து வரச் சொல்லி ஒரு தீர்மானம். பொறுப்பாளர்கள் சுழற்சியில் மாற வேண்டும் என்பது குழுப் பயிற்சியிலேயே சொல்வது, ஆறு வருஷமாக ஒரே ஊக்குநர் என்றால் மாற்றக் கேட்பதில் தப்பே இல்லை.

ஊக்குநர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும், அதையும் யோசிக்க வேண்டும். ஒரு லோனுக்குப் பேங்குக்கு ஐந்து ஆறு தடவை நடப்பவர் அவர்தான், அன்றைய கூலி போகும், பஸ் காசு கைக்காசு, மேனேஜர் இன்று போய் நாளை வா என்றால் அந்தப் பேச்சை வாங்குவதும் அவர்தான். யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை என்பதால் லோன் வரும்போது பெரிய பங்கை எடுத்துக்கொள்வது தன் உரிமை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பேங்குக்குப் போகும் நாளுக்குக் கூலியும் பஸ் கட்டணமும் குழு நிதியிலிருந்து என்று நீங்களே முன்மொழியுங்கள். கூடவே ஒவ்வொரு தடவையும் அவருடன் வேறு ஓர் உறுப்பினர் மாறி மாறிப் போக வேண்டும் என்றும் சொல்லுங்கள். முதல் தடவை நீங்கள் போங்கள். பேங்க் கவுன்டரில் நின்று பழகுவது பெரிய விஷயம்.

அப்புறம் கடன் திட்டம். 6 லட்சம் கேட்கும்போது யாருக்கு எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் சொல்லி எழுதுகிற பக்கம் அது. அந்தக் கூட்டத்துக்கு எக்காரணம் கொண்டும் போகாமல் இருக்காதீர்கள். மாட்டுக்கு 60,000, மாசப் பால் கணக்கு இவ்வளவு, தவணை 2,000 கட்ட முடியும் என்று மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் மாதிரித் தோன்றும், ஆனால் 14 பேருக்கு ஆளுக்கு 42,850 என்று பிரித்தால் யாருக்கும் முழு மாடு வராது, அரை மாட்டுக் காசு வீட்டுச் செலவில் கரைந்துவிடும், மிச்சத்துக்குக் கம்பெனியிடம் போக வேண்டிவரும். தேவைப்படி பிரித்து, இந்த முறை ஏழு பேர், அவர்கள் கட்டக் கட்ட அடுத்த ஏழு பேர் என்று பேசுங்கள். மாடு வற்றும் மாசங்களில் தவணையைக் குறைத்து, கறக்கும் மாசங்களில் கூட்டிக் கட்டுகிறேன் என்று உள்விதி போட்டுக்கொள்ள குழுவால் முடியும். கம்பெனியால் அது முடியாது.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அது லேசான விஷயம் என்பதால் இல்லை. வங்கதேசத்தில் பெண்களுக்கு நுண்கடன் கொடுத்து உலகமே பாராட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. பெண்கள் பெயரில் வாங்கிய கடனில் முழுக் கட்டுப்பாடும் தங்கள் கையில் இருந்த பெண்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை, ஏறக்குறைய அதே அளவுக்கு ஒரு பிடியும் இல்லாமல் பெயர் மட்டும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டு 50,000 இந்தக் கடைசி வகை. போர் போட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், குடும்பத்துக்காகத்தான் போட்டார், தண்ணீர் வராதது யார் கையிலும் இல்லை. உங்களைக் கேட்டாரா, எவ்வளவு ஆழம், எவ்வளவு செலவு என்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. வாக்குவாதம் செய்து "காசு என்னுது" என்பதை மாற்ற முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். அதனால் மாட்டை ஆரம்பத்திலிருந்தே உங்கள் பெயரில் நிறுத்துங்கள். குழுக்கடன் காசோலையாகவோ கணக்கு மாற்றமாகவோ உங்கள் சொந்தக் கணக்குக்கு வரட்டும், அந்தக் கணக்கில் இருக்கும் போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும், வீட்டுக்காரர் நம்பர் இருந்தால் மாற்றுங்கள். மாடு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாடு பார்க்கத் தெரிந்தவர் என்றால் அது அவருக்கும் மரியாதை, ஆனால் பணத்தை எண்ணிக் கொடுப்பது நீங்கள். பால் சொசைட்டியில் உறுப்பினர் நீங்கள், பால் பணம் உங்கள் கணக்குக்கு. மாட்டின் காதில் மாட்டும் 12 இலக்க வில்லை எண்ணில் இன்சூரன்ஸ் உங்கள் பெயரில். இவ்வளவும் செய்தால், மாடு யாருடையது என்று வீட்டில் யாரும் வாதம் செய்யத் தேவை இருக்காது, பால் அட்டையில் எழுதியிருக்கும்.

மாடு வந்த பிறகு தீவனச் செலவுக்கு உழவர் கடன் அட்டை கேட்கலாம், 2018-19 முதல் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் அது உண்டு. ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான், 2 லட்சம் வரை. அது நடைமுறைச் செலவுக்கு, மாடு வாங்க இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கறவை மாடு வளர்ப்புக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிறார்கள், சாப்பாடு தங்குமிடத்தோடு. போய்வந்தால் அந்தச் சான்றிதழையும் கடன் திட்டத்தோடு இணைக்கலாம்.

இதெல்லாம் நடக்க மூன்று நாலு மாசம் ஆகும். கம்பெனி மூன்று நாளில் தருகிறது என்பது எனக்குத் தெரியும், அந்த வேகம்தான் அவர்கள் பலம். அந்த மாசங்களில் பக்கத்து வீட்டு அக்காவின் தவணை ஒழுங்காக வருகிறதா என்பதும் தெரிந்துவிடும், வராவிட்டால் மாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு 40,000-ஐ முதலில் குறைக்கப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேரேடு வாசித்ததும் அந்த நாலு எண்ணையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், உங்கள் சேமிப்பு 14,400-க்குக் குறைவாக எழுதியிருந்தால் உடனே எழுதுங்கள்.